நெட்டி எடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

(அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)





செயலாளர் பாய் போன வாரம் போன் செய்தார். "முதுகுல டக் டக்னு நெட்டி எடுக்குறாங்களே, கைரோபிராக்டிக்னு சொல்றாங்க, அதைப் பத்திப் பேசுங்க. நம்ம ஆளுங்க நிறையப் பேர் வீடியோ பார்த்துட்டு பெங்களூரு போகலாமான்னு கேக்குறாங்க" என்றார். சரி என்றேன். அந்த வீடியோக்களை நானும் பார்க்கிறேன். பத்து வருடமாக நிமிர முடியாத மனிதர் படுக்கிறார், ஒருவர் இடுப்பைத் திருப்புகிறார், மைக்கில் 'மடக்'கென்று ஒரு சத்தம், எழுந்து சிரித்துக்கொண்டே நடந்து போகிறார். யாருக்குத்தான் ஆசை வராது?

அதைப் பற்றிக் கட்டாயம் பேசுகிறேன். ஆனால் தருமபுரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு முதுகு வலியைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டும். வேறு ஊரில் பேசினால் இந்த வரிசையில் பேச மாட்டேன்.

என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். பென்னாகரம் பக்கத்துக்காரர், அறுபது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தைத் திருப்பச் சொன்னால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். முதுகு வளையவில்லை, கை முழுதாக மேலே போகவில்லை. வரும் முன்பே நாலு இடத்தில் எண்ணெய் போட்டு நீவியாயிற்று. ஓர் இடத்தில் படுக்க வைத்து ஏறி மிதித்திருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் நெட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கால் மரமரவென்று மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். தண்டுவடத்தின் எலும்புகள் வழக்கத்தைவிட வெள்ளை வெளேரென்று இருந்தன. கணுக் கணுவாக அசைய வேண்டிய எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, மூங்கில் கழி மாதிரி ஒன்றாகிவிட்டது. வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லில் பழுப்புக் கோடுகள். "தாத்தா, எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டேன். "போர் தண்ணிதான், முப்பது வருஷமா. நல்லா இனிப்பா இருக்கும்" என்றார்.

அதுதான் ஃபுளோரோசிஸ். நம் ஊரில் இந்தச் சொல் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவிட்டு 'தருமபுரிப் பல்' என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தது பலருக்கும் நினைவிருக்கும். பல்லில் தெரிவதை எல்லோரும் பார்த்தோம். அதே விஷயம் எலும்பில் நடப்பதைப் பலர் பார்க்கவில்லை.

நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது கருங்கல் பாறை. அந்தப் பாறையிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் அந்தப் பாறை இடுக்குகளில் வருடக்கணக்கில் கிடக்கும்போது அது கரைந்து நீரில் சேர்கிறது. மழை குறைந்து, போரை இன்னும் ஆழமாக இறக்கும்போது, பாறையோடு அதிக காலம் ஊறிய தண்ணீர் மேலே வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றுதான் எல்லை வைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியவை. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக, இனிப்பாக இருக்கும் தண்ணீரிலும் இருக்கும்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையுமல்ல. இந்தியாவில் இந்த நோயை முதலில் மருத்துவ உலகத்துக்கு எழுதிக் காட்டியது 1937-ல், ஷார்ட் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும். இடம் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். அதற்கும் முன்னாலேயே அங்குள்ள விவசாயிகள், உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் நிற்பதைக் கவனித்திருந்தார்கள் என்று சொல்வார்கள். மாடு குடித்த தண்ணீரைத்தான் மனிதனும் குடித்தான்.

உடம்புக்குள் போன ஃபுளோரைடில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். மீதி எலும்பில் தங்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தங்கும். எலும்பு கனக்கும், ஆனால் உறுதி குறையும். முதலில் வருவது சாதாரண வலிதான்: இடுப்பு, கழுத்து, முழங்கால். காலையில் எழுந்ததும் இறுக்கம். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரேயில்கூடப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். "வயசாச்சு", "வாயு", "மூட்டுத் தேய்மானம்" என்று பெயர் வைத்து வருடங்களைக் கடத்துவோம். கடைசிக் கட்டத்தில் தண்டுவடக் குழாய் குறுகி நரம்பை நசுக்கும். அப்போது காலில் பலம் போகும்.

முற்றிய ஃபுளோரோசிஸை மாற்றும் மருந்து இல்லை. வளைந்து இறுகிய முதுகு திரும்பி வராது. ஆனால் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் தண்ணீரை மாற்றினால், சில வாரங்களில், சில மாதங்களில் வலி குறைவதைப் பார்க்கிறோம். ஆகவே இந்தக் கூட்டத்தில் எனக்கு அதிகம் வேண்டியவர்கள் முதுகு வளையாத தாத்தாக்கள் அல்ல. முப்பது, நாற்பது வயதில் "இடுப்பு பிடிச்சுக்குது பாய்" என்று சொல்கிறவர்கள்தான்.

வீட்டிலேயே மூன்று அசைவுகளைச் செய்து பார்க்கலாம். ஃபுளோரோசிஸ் பற்றிய முகாம்களில் செய்யச் சொல்வது இதுதான். ஒன்று, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலையோ தரையில் கிடக்கும் காசையோ தொட முயல்வது. இரண்டு, தாடையை நெஞ்சில் படும்படி கழுத்தைக் குனிவது. மூன்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பிடரியைத் தொடுவது. வலியோ இறுக்கமோ இருந்து இவை முடியவில்லையென்றால் அது ஃபுளோரோசிஸ்தான் என்று முடிவுகட்டாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்குத் தோள் இறுகும். வேறு வாத நோய்களும் உண்டு. டாக்டரைப் பார்க்க ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்கிறோம். அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பதும் இருக்கிறது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டம். 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். அதற்காக இந்த மாவட்டத்தில் எத்தனை போராட்டம் நடந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு அந்தக் குழாய் வந்த பிறகும் வலி ஏன் வருகிறது என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "சோறு எந்தத் தண்ணியில வேகுது?"

பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். "குடிக்க ஒகேனக்கல், சமைக்க போர்." தாய்மார்களே, இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி குடிக்கிற தண்ணீர், பருப்பில் வற்றுகிற தண்ணீர், சாம்பார், டீ, ரசம், குழந்தைக்கு ஆற்றுகிற கஞ்சி எல்லாமே வயிற்றுக்குள் போகிற தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போய், ஃபுளோரைடு மிச்சத் தண்ணீரில் இன்னும் அடர்த்தியாகும். வெள்ளைத் துணியில் வடிகட்டினாலும், கேண்டில் ஃபில்டரில் ஊற்றினாலும் அது போகாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும், சரியாகப் பராமரித்தால். மழை நீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதில் ஃபுளோரைடு அநேகமாக இருக்காது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் தாராளமாகப் போதும். தோல் வழியாக உள்ளே போகிற விஷயமில்லை இது. பள்ளிவாசலில் ஒளுச் செய்து வாய் கொப்பளித்துத் துப்புவதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆனால் பள்ளிவாசல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், நிர்வாகிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரமலானில் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அந்தத் தேக்சாவில் ஊற்றுவது எந்தத் தண்ணீர்? பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பு, வெறும் வயிறு, முதலில் உள்ளே போவது அந்தக் கஞ்சி. வெறும் வயிற்றில் ஃபுளோரைடு இன்னும் வேகமாக ஏறும். ஊரே குடிக்கிறது, சின்னப் பிள்ளைகள் தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கிப் போகிறார்கள். போர் தண்ணீரைச் சோதிக்காமல் அதில் கஞ்சி காய்ச்ச வேண்டாம் என்று ஜமாஅத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

சோதிப்பது கஷ்டமில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரில் ஆய்வகம் இருக்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, எந்தத் தெரு, எத்தனை அடி போர் என்று எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

சாப்பாட்டில் ஒன்றிரண்டு. பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை போன்றவற்றில் இருக்கும் கால்சியம், குடலில் ஃபுளோரைடை ஏறவிடாமல் தடுக்கப் பார்க்கும். நம் மாவட்டத்தில் களி தின்பதைக் கௌரவக் குறைவாக நினைக்க ஆரம்பித்துவிட்டோம். எனக்கு அதில் வருத்தம்தான். நெல்லி, கொய்யாவும் நல்லது. மாறாக, டீத் தூளில் இயல்பாகவே ஃபுளோரைடு இருக்கிறது. பால் சேர்க்காத சுலைமானியை நாளைக்கு ஏழெட்டு கிளாஸ் குடிப்பவர்கள், அதுவும் போர் தண்ணீரில் போட்டுக் குடிப்பவர்கள், யோசிக்க வேண்டும். கறுப்பு உப்பையும் பாக்கையும் குறைக்கச் சொல்கிறோம். பிள்ளைகள் பற்பசையை விழுங்கக் கூடாது.

இப்போது கைரோபிராக்டிக். 1895-ல் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. அவர் டாக்டரல்ல. தண்டுவட எலும்பு இடம் பிசகுவதால்தான் நோய்கள் வருகின்றன, கையால் தள்ளிச் சரி செய்யலாம் என்றார். எல்லா நோய்க்கும் முதுகெலும்பே காரணம் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் முதுகைக் கையால் அசைத்துக் கொடுக்கும் சிகிச்சையே வீண் என்றும் சொல்ல மாட்டேன்.

அந்த 'மடக்' சத்தம் என்ன? எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமில்லை. மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைத் திடீரென்று விரித்தால் அதற்குள் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழாகிறது. அந்தச் சத்தம்தான். விரலில் நெட்டி முறித்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு மறுபடி சத்தம் வராது, பார்த்திருப்பீர்கள். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்ற கணக்கு கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு என்ன செய்யலாம், என்ன வேண்டாம் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2020 கணக்குப்படி உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு அந்த வலி. செய்யலாம் என்ற பட்டியலில் உடற்பயிற்சி இருக்கிறது, மசாஜ் இருக்கிறது, முதுகைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்ற பட்டியலில் இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைப்பது எல்லாம் இருக்கின்றன. என் அறையில் அந்த மெஷின்கள் இருக்கின்றன. நோயாளிகள் கேட்டு வாங்குகிறார்கள், "கரண்ட் வைக்கலையா டாக்டர்?" என்று. வைக்காவிட்டால் ஏமாற்றியதாக நினைக்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மெஷினைவிட உங்கள் கால் உங்களுக்கு அதிகம் உதவும்.

ஆக, காரணம் புரிந்த சாதாரண முதுகு வலிக்கு, படித்தவர் கையால் செய்தால், நெட்டி எடுப்பது கொஞ்சம் உதவலாம். மற்ற நல்ல சிகிச்சைகள் அளவுக்குத்தான் உதவும், மந்திரமாக அல்ல. யார் செய்யக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். தண்டுவடம் இறுகிப்போன ஃபுளோரோசிஸ் நோயாளி செய்யக் கூடாது. மூங்கிலாகிப்போன முதுகைத் திருகினால் அது அசையாது, ஒடியும். பக்கத்திலேயே நரம்பு இருக்கிறது. எலும்பு தேய்ந்து மெலிந்த வயதான பெண்கள், முதுகெலும்பில் டி.பி. இருப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கை கால் மரத்துப் பலம் குறைந்தவர்கள் எல்லோருமே விலகி இருக்க வேண்டும். வீடியோவில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறாரே, அவருக்கு முன்னால் எக்ஸ்ரே பார்த்தார்களா என்று அந்த வீடியோ காட்டுவதில்லை.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் அதற்கென்று நான்கு வருடக் கல்லூரிப் படிப்பும் உரிமமும் உண்டு. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிப் பதிவுக் குழு கிடையாது. பத்து நாள் வகுப்புக்குப் போய்வந்தவரும் பலகை மாட்டலாம். ஆகவே, பலகையைப் பார்க்காமல் என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

இளைஞர்களுக்கு: சலூனில் முடி வெட்டி முடித்து, தலையில் தட்டி, தாடையைப் பிடித்துக் கழுத்தைச் சடக்கென்று இரு பக்கமும் திருப்புவார்களே, அதை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. அரிதாக என்றாலும், அந்தத் திருப்பலில் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் அன்போடுதான் செய்கிறார். "கழுத்து வேண்டாம்ணே" என்றால் விட்டுவிடுவார்.

சில அறிகுறிகள் இருந்தால் என்னிடமும் வர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூத்திரம் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, கால் திடீரென்று இழுக்காமல் தொங்குவது: இவை இருந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே. முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி. வயதானவர் விழுந்த பிறகு வரும் வலி. இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

அடிபட்டால் என்ன செய்வது? கால் பிசகினால் உடனே சூடான எண்ணெய் போட்டு அழுத்தி நீவுகிறோம். முதல் இரண்டு நாள் அது வீக்கத்தைக் கூட்டும். குளிர்ந்த ஈரத் துணி, இறுக்கமில்லாத கட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தல் போதும். நாலு அடிகூட வைத்து நடக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு எட்டு வயதுப் பையன் மரத்திலிருந்து விழுந்து முழங்கையில் அடிபட்டு, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டி, மூன்றாம் நாள் கொண்டு வந்தார்கள். விரல்கள் நீலமாக இருந்தன. அவன் முதல் நாளே "வலிக்குது, அவுத்து விடுங்க" என்று அழுதிருக்கிறான். "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் தேற்றியிருக்கிறார்கள். அந்தக் கை பிழைத்தது, விரல்கள் முழுதாக நீளவில்லை. கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடினால், விரல் நீலமானால், மரத்தால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், யார் போட்ட கட்டாக இருந்தாலும் அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வெள்ளைப் பொட்டலத்தில் பெயரில்லாமல் விற்கும் மூட்டுவலிப் பவுடர் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அப்படித்தான் கேட்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு இன்னும் மெலியும். வலி மாத்திரைகளையும் கடையில் தானாக வாங்கித் தொடர்ந்து சாப்பிடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஃபுளோரைடை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான் என்பதை முன்னாலேயே சொன்னேன்.

இனி பயிற்சி. ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து குணமான 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2024-ல் லான்செட் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு மெதுமெதுவாக நடையைக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நடக்காதவர்களுக்கு வேலையைக் கெடுக்கும் அளவு வலி சராசரியாக 112 நாளில் திரும்பி வந்தது. நடந்தவர்களுக்கு 208 நாள் ஆயிற்று. நடைக்கு காசு கிடையாது. பஜ்ர் தொழுதுவிட்டு வீட்டுக்கு நேர் வழியில் வராமல் சுற்று வழியில் வந்தால் போதும். பெண்களுக்கு நடக்க இடமில்லை, தெரு பார்க்கும் என்பது உண்மையான சிக்கல். நாலைந்து பேர் சேர்ந்து போங்கள், இல்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது.

வலி வந்தால் படுத்தே கிடக்காதீர்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை முதுகைக் கெடுக்கும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பின் பள்ளம் தரையில் படும்படி வயிற்றை உள்ளே இழுத்து ஐந்து எண்ணுங்கள், விடுங்கள், பத்து முறை. அதே நிலையில் இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. முழங்கால் வலிக்கு, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அழுத்தித் தொடையை இறுக்குங்கள். தோள் இறுகியவர்கள் சுவரில் விரலால் எறும்பு ஏறுவது மாதிரி ஒவ்வொரு நாளும் ஒரு அங்குலம் மேலே ஏறுங்கள். செய்யும்போது கொஞ்சம் இழுக்கலாம். மின்னல் மாதிரி காலுக்கு இறங்கும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். ஃபுளோரோசிஸ் நோயாளிக்கும் இந்த மெதுவான அசைவுகள் உதவும். இருக்கிற அசைவைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவருக்குப் பயிற்சி. வேகமாக முறுக்குவதும், அழுத்தி நீட்டுவதும் அவருக்குக் கூடாது.

பிரியாணி மாஸ்டர்கள் இங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தேக்சாவை ஒற்றை ஆளாக இறக்குவதில் வீரம் ஒன்றுமில்லை பாய். இரண்டு பேர், முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே திரும்பாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள். தையல் வேலை செய்யும் சகோதரிகள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை மேலே நீட்டுங்கள்.

நாற்காலியில் தொழுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். மார்க்கச் சட்டம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, இமாமிடம் கேளுங்கள். நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்து, அதுவும் முடியாதவருக்குப் படுத்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் சலுகை தந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடம்பின் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்வேன். ருகூவும் சஜ்தாவும் நாளுக்குப் பல முறை இடுப்பையும் முழங்காலையும் முழுதாக மடக்கி விரிக்கின்றன. லேசான வலிக்கே நாற்காலியைப் பிடித்தால் அந்த அசைவு சீக்கிரம் போய்விடும். முழங்கால் வீங்கி, எழும்போது வழுக்கி விழும் நிலையில் இருப்பவர் பிடிவாதமாகத் தரையில் உட்காரவும் வேண்டாம்.

வர முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் அது தொடங்கியது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, எக்ஸ்ரேயை அங்கே எடுத்துக்கொள்ளலாம். பெங்களூருக்குப் போகும் பஸ் காசை அப்புறம் பார்க்கலாம்.

பேசியது போதும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள், திரைக்கு அந்தப் பக்கமும்தான். முழங்காலை மடக்காமல் குனியுங்கள், முடிந்த வரை. இப்போது தாடை நெஞ்சுக்கு. இப்போது கைகள் பிடரிக்கு. முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம், பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தவர்கள் வாசலில் இருக்கும் மேசையில் வையுங்கள். தெருப் பெயரும் போரின் ஆழமும் பாட்டில் மேல் இருக்கட்டும். பள்ளிவாசல் போர் தண்ணீரிலிருந்து முத்தவல்லி பாய் ஒரு பாட்டில் நிரப்பிக் கொடுத்துவிட்டார், அதுதான் முதல் பாட்டில்.